ஒரே சம்பளம், நான்கு தொகைகள்: டபிள்யூ-2 தாளைப் படிப்பது எப்படி

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு யாராவது ஒருவர் டபிள்யூ-2 தாளோடு வந்து அமர்வது சில ஆண்டுகளாகவே வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் ஓராண்டில் கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரிகளையும் காட்டி நிறுவனம் ஊழியருக்குத் தரும் தாள் அது. நான் வரி ஆலோசகர் அல்ல. நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை பார்ப்பவள். இருந்தாலும், இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் டபிள்யூ-2வைச் சரியாகப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டதால் மூவாயிரம் டாலருக்கு மேல் இழக்கவிருந்தேன். அதற்குப் பிறகு இந்தத் தாளின் ஒவ்வொரு கட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நான் வரிப் படிவம் அனுப்பியதில்லை.

சென்ற பருவத்தில் வந்தவர் விருதுநகர்ப் பக்கத்துத் தம்பி. ஹெச்-1பி விசாவில் வேலை, தனி ஆள். 2024ஆம் ஆண்டுக்கான தாளை மேசையில் வைத்துவிட்டு, “அக்கா, ஆஃபர் லெட்டரில் 120,000 டாலர் என்றுதானே இருக்கிறது? இதில் 100,800 என்று போட்டிருக்கிறார்களே, மீதி எங்கே போயிற்று?” என்று கேட்டார். (அவரை அடையாளம் காண முடியாதபடி தொகைகளை மாற்றியிருக்கிறேன், கணக்கின் போக்கு மாறவில்லை.) அந்தத் தாளில் அவருடைய சம்பளம் மூன்று வெவ்வேறு தொகைகளாக அச்சாகியிருந்தது. 1ஆம் கட்டத்தில் 100,800. 3ஆம், 5ஆம் கட்டங்களில் 112,800. கீழே மாநிலத்துக்குரிய 16ஆம் கட்டத்தில் 108,000. ஆஃபர் லெட்டரில் இருந்த 120,000 எங்குமே இல்லை. இவற்றில் எதுவும் பிழையில்லை என்பதை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் ஆயிற்று.

இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்குக் குழப்பம் ஏற்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே கிடைக்கும் ஃபார்ம் 16இன் இரண்டாம் பகுதியில் மொத்தச் சம்பளம், கழிவுகள், வரிக்குரிய வருமானம், அதற்கான வரி என்று கணக்கு வரிசையாக இறங்கி வரும். டபிள்யூ-2வில் அப்படியொரு கணக்கே கிடையாது. வெவ்வேறு சட்டங்கள் ஒரே சம்பளத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் மட்டும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பப்பட்டிருக்கும். கூட்டிக் கழித்து வரியைக் கண்டுபிடிப்பது நம் வேலை. இன்னொரு வேறுபாடு, இங்கே ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதிலும் வேலை பார்த்த நாளைக் கொண்டு கணக்கிடுவதில்லை, சம்பளம் கைக்கு வந்த நாளைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் உழைத்து ஜனவரி 3ஆம் தேதி வாங்கிய சம்பளம் புதிய ஆண்டின் தாளில்தான் வரும்.

அந்தத் தம்பியின் டிசம்பர் மாதக் கடைசிப் பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டை, எடுக்கச் சொன்னேன். டபிள்யூ-2வைப் படிக்க உட்காரும்போது பக்கத்தில் இருக்க வேண்டிய தாள் அதுதான், ஏனென்றால் ஆண்டு முழுவதற்குமான பிடித்தங்கள் அதில் மொத்தமாக இருக்கும். அவருடைய மருத்துவக் காப்பீட்டுக்கான பங்கு 4,800 டாலர். மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான ஹெச்.எஸ்.ஏ.வுக்குச் சம்பளத்திலிருந்தே போனது 2,400 டாலர். நிறுவனத்தின் திட்டத்தின் வழியாக வரிக்கு முன்பே பிடிக்கப்படும் இந்த இரண்டையும் கூட்டாட்சி வருமான வரிச் சட்டமும் சம்பளமாகக் கருதுவதில்லை, ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் ஆகிய சட்டங்களும் கருதுவதில்லை. ஆகவே 120,000இலிருந்து 7,200 கழிந்து 112,800 ஆயிற்று. அந்த இரண்டு சட்டங்களுக்குரிய 3ஆம், 5ஆம் கட்டங்களின் தொகை அதுதான். அடுத்து, ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)வில் அவர் போட்டிருந்தது 12,000 டாலர். இதற்கு வருமான வரி பிற்காலத்துக்குத் தள்ளிப்போகிறது, ஆனால் சோஷியல் செக்யூரிட்டி வரியும் மெடிகேர் வரியும் இன்றே கட்டியாக வேண்டும். அதனால்தான் வருமான வரிக்குரிய 1ஆம் கட்டம் மட்டும் மேலும் 12,000 குறைந்து 100,800இல் நிற்கிறது. வரி கட்டிய பணத்தைச் சேமிக்கும் ராத் வகை 401(கே)வில் போட்டிருந்தால் இந்தக் குறைவு இருக்காது.

மாநிலத்தின் கணக்கு வேறு. நியூ ஜெர்சி 401(கே) சேமிப்பைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் ஊழியர் கட்டும் காப்பீட்டுப் பிரீமியத்தையும் ஹெச்.எஸ்.ஏ. பணத்தையும் பொதுவாகக் கழிக்க விடுவதில்லை. எனவே 120,000இலிருந்து 12,000 மட்டும் கழிந்து 108,000. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் இருந்திருந்தால் 401(கே) சேமிப்புக்கும் அந்த ஆண்டே மாநில வரி கட்ட வேண்டியிருக்கும். டெக்சாஸிலோ ஃப்ளோரிடாவிலோ சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை என்பதால் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நிரந்தர வசிப்புரிமைக்கு (கிரீன் கார்டு) விண்ணப்பிக்கும் நம்மவர்கள் பலர், விசா விண்ணப்பத்தில் எழுதிய சம்பளத்தைவிட 1ஆம் கட்டம் குறைந்திருக்கிறதே என்று தூக்கம் கெடுகிறார்கள். வித்தியாசத்தைக் கடைசிப் பே ஸ்டப்பைக் கொண்டு டாலர் கணக்கில் விளக்க முடிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் 401(கே)வும் காப்பீடும்தான் அந்த வித்தியாசம்.

4ஆம், 6ஆம் கட்டங்களை யாரும் நொடியில் சரிபார்க்கலாம். 3ஆம் கட்டத்தில் 6.2 விழுக்காடு 4ஆம் கட்டத்திலும், 5ஆம் கட்டத்தில் 1.45 விழுக்காடு 6ஆம் கட்டத்திலும் இருக்க வேண்டும். தம்பிக்கு 6,993.60 டாலரும் 1,635.60 டாலரும் கச்சிதமாகப் பொருந்தின. சோஷியல் செக்யூரிட்டிக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு: 2024இல் 168,600 டாலர், 2025இல் 176,100 டாலர். அதற்கு மேற்பட்ட சம்பளத்துக்கு அந்த வரி இல்லை. மெடிகேருக்கு வரம்பு இல்லாததோடு, ஒரே நிறுவனத்தில் 200,000 டாலரைத் தாண்டிய பகுதிக்குக் கூடுதலாக 0.9 விழுக்காடும் பிடிப்பார்கள். ஆண்டின் நடுவில் நிறுவனம் மாறியவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 2024இல் இரண்டு நிறுவனங்களில் தலா 100,000 டாலர் வாங்கிய ஒருவரிடம், பழைய இடத்துக் கணக்கு புதியவர்களுக்குத் தெரியாததால், இருவருமாகச் சேர்ந்து 12,400 டாலர் பிடித்திருப்பார்கள். அவர் கட்ட வேண்டிய உச்சத் தொகை 10,453.20 டாலர்தான். மிகுதியான 1,946.80 டாலரை ஆண்டு வரிக்கணக்குக்கான 1040 படிவத்தின் 3ஆம் இணைப்பு வழியாக அவரே கேட்டுப் பெறலாம்.

12ஆம் கட்டத்தில் எழுத்துக் குறியீடுகள் இருக்கும். ‘டி’ என்றால் 401(கே). ‘டிடி’ என்றால் நிறுவனமும் நாமும் சேர்ந்து மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டிய மொத்தச் செலவு. தகவலுக்காக மட்டும் போடுவது, அதற்கு வரி கிடையாது. ‘சி’ என்றால் 50,000 டாலருக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டை நிறுவனம் எடுத்துத் தந்ததற்கான சிறு தொகை. அது ஏற்கெனவே 1ஆம் கட்டத்தில் சேர்ந்திருக்கும். பலரை ஏமாற்றுவது ‘டபிள்யூ’. ஹெச்.எஸ்.ஏ.வுக்கு நிறுவனம் தந்தது என்று அதற்கு விளக்கம் எழுதியிருப்பார்கள், ஆனால் நம் சம்பளத்திலிருந்து போன பணமும் அதில்தான் அடங்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல், “நான் போட்ட 2,400 டாலர்” என்று வரிப் படிவத்தில் மறுபடியும் கழிவு கேட்டால் ஒரே தொகையை இருமுறை கழித்ததாகிவிடும்.

நிறுவனப் பங்குகளை ஆர்.எஸ்.யூ.வாக, அதாவது சம்பளத்தின் ஒரு பகுதியாக, பெறுபவர்களுக்கு நேர்வது இதற்கு நேர் எதிரானது. அவர்கள் இருமுறை வரி கட்டிவிடுகிறார்கள். பங்குகள் கைக்கு வந்த நாளின் மதிப்பு முழுவதும் 1, 3, 5 ஆகிய மூன்று கட்டங்களிலும் சம்பளமாகச் சேர்ந்துவிடும். பின்னர் அந்தப் பங்கை விற்கும்போது தரகு நிறுவனம் அனுப்பும் 1099-பி தாளில் வாங்கிய விலை பூச்சியம் என்றே சில சமயம் இருக்கும். அதை அப்படியே பதிந்தால், சம்பளமாகக் கருதி ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு லாபம் என்ற பெயரில் மறுபடியும் வரி கட்டுவோம். சம்பளத்தில் சேர்ந்த மதிப்பே வாங்கிய விலை என்று நாம் திருத்திக் காட்ட வேண்டும்.

2ஆம் கட்டத்தில் இருப்பது கூட்டாட்சி வருமான வரிக்காக ஆண்டு முழுவதும் பிடித்த முன்பணம். அது நம் வரி அல்ல. அமெரிக்காவில் 1943க்கு முன்பு பெரும்பாலோர் ஒரு வருடத்து வரியை மறு வருடத்தில் தவணை தவணையாகக் கட்டினார்கள். போர்ச் செலவுக்காக அந்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தால் ஜூலை 1ஆம் தேதி முதல் சம்பளத்திலேயே பிடிக்கும் முறை வந்தது. வேலையில் சேரும்போது நாம் நிரப்பித் தரும் டபிள்யூ-4 படிவத்தை வைத்து நிறுவனம் போடும் மதிப்பீடே இந்த 2ஆம் கட்டத் தொகை. தம்பிக்கு 100,800இலிருந்து 2024ஆம் ஆண்டின் நிலைக்கழிவான (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 14,600 டாலர் போக 86,200க்கு வரி. படிநிலைகளின்படி கணக்கிட்டால் 14,017 டாலர். பிடித்திருந்தது 14,900. மீதி 883 டாலர் அவருக்குத் திரும்பி வந்தது. ரீஃபண்டை அரசாங்கம் தரும் போனஸ் என்று மகிழ்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு உதவியிருக்க வேண்டிய அவர்களுடைய சொந்தப் பணம் வட்டியில்லாமல் ஓராண்டு வெளியே இருந்திருக்கிறது.

இனி என் கதை. 2012 ஆகஸ்ட்டில் எஃப்-1 விசாவில் மேற்படிப்புக்கு வந்தேன். 2014 பிப்ரவரியில், படித்து முடித்த மாணவர்கள் தற்காலிகமாக வேலை பார்க்க உதவும் ஓ.பி.டி. அனுமதியில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். அந்த ஆண்டின் டபிள்யூ-2வில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்ததைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பினேன். என் அறைத்தோழியின் தாளில் 3 முதல் 6 வரையிலான கட்டங்கள் வெறுமையாக இருந்தபோது அவளுடைய நிறுவனம்தான் ஏதோ மறந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மை நேர்மாறானது. எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு வரிச் சட்டப்படி வெளிநாட்டவராகவே கருதப்படுகிறார். அந்தக் காலத்தில் அனுமதி பெற்றுச் செய்யும் வேலைக்கு, ஓ.பி.டி. உட்பட, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் கிடையா. என்னிடம் 44,000 டாலருக்கு 7.65 விழுக்காடு, அதாவது 3,366 டாலர், பிடித்திருந்தார்கள். எனக்கு அது நான்கு மாத வீட்டு வாடகைக்கும் மேல்.

தவறு புரிந்ததும் நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு எழுதினேன். முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தோடு சட்டப் பிரிவின் எண்ணையும் என் விசா, கல்லூரி தந்த ஐ-20 சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களையும் இணைத்து அனுப்பிய பிறகு பணத்தைத் திருப்பித் தந்து, திருத்தப்பட்ட தாளான டபிள்யூ-2சியும் அனுப்பினார்கள். நிறுவனம் மறுத்திருந்தால் 843, 8316 ஆகிய படிவங்களோடு வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடமே நேரடியாகக் கேட்டிருக்கலாம். அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு உண்டு. ஓ.பி.டி.யில் இருக்கும் தம்பி, தங்கைகள் யாராவது இதைப் படித்தால் இன்றே 4ஆம், 6ஆம் கட்டங்களைப் பாருங்கள். வெளிநாட்டவருக்கான வரிப் படிவமான 1040-என்.ஆர். நிரப்பும்போது இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி நிலைக்கழிவும் கிடைக்கும் என்பதை மறவாதீர்கள். பெரும்பாலான நாடுகளின் மாணவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

நிறுவனங்கள் ஜனவரி 31க்குள் டபிள்யூ-2வை அனுப்பியாக வேண்டும். பிப்ரவரி முடிந்தும் வராவிட்டால் ஐ.ஆர்.எஸ்.ஸை அழைக்கலாம், அப்போதும் கிடைக்காவிட்டால் பே ஸ்டப்பைக் கொண்டு 4852 படிவத்தை நிரப்பிக் காலத்தில் வரிக்கணக்கை முடிக்கலாம். பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்பதை முதலிலேயே பாருங்கள், ஏனென்றால் இதே விவரங்கள் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்துக்கும் போகின்றன. அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறும் நம்மவர்களின் தாள்களில் இந்தப் பிழை எளிதில் நுழைந்துவிடும்.

அந்த நிர்வாகத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் ஆண்டுவாரியாக நம் பெயரில் பதிவான சம்பளத்தைப் பார்க்கலாம். ஓய்வூதியத் தகுதிக்கு வேண்டிய 40 புள்ளிகள் அந்தப் பதிவிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. நான் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் என் பழைய டபிள்யூ-2 கோப்பை எடுத்து அதனோடு ஒப்பிடுகிறேன். அதில் 2014க்கு எதிரே பூச்சியம் இருக்கிறது. 2015க்கு எதிரே, ஹெச்-1பி தொடங்கிய அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதச் சம்பளம் மட்டும் இருக்கிறது. இரண்டும் சரி.