வியர்வை உப்பும் கம்பளிக் கோட்டும்

தம்பியின் திருமண வரவேற்பு முடிந்த மறுநாள் காலை, கதிரையில் போட்டிருந்த என் கருநீலக் கோட்டை எடுத்துப் பார்த்தபோது, கொலரின் உட்புறத்திலும் அக்குள் மடிப்பிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் படிந்திருந்தன. ஆவணி மாதத்துத் திருகோணமலையில், காற்றே புகாத மண்டபமொன்றில் ஐந்து மணித்தியாலம் கம்பளிக் கோட்டோடு நின்று விருந்தினரை வரவேற்றிருந்தேன்.

முன்பெல்லாம் இப்படியானவற்றைப் பொதி செய்து, கொழும்புக்குப் போகும் உறவினர் எவரிடமாவது கொடுத்து ட்ரை கிளீனிங் செய்வித்து எடுப்பது வழக்கம். திரும்பி வரும் கோட்டில் எண்ணெய்க் கறை போயிருக்கும். ஆனால் அடுத்த முறை அணிந்து உடல் சூடேறியதும் பழைய வியர்வை வாசம் மெல்ல எழும். ஒரு தடவை முழங்கைப் பகுதி மினுங்கிக்கொண்டு வந்தது, அந்த மினுக்கம் பிறகு போகவேயில்லை.

வாசம் போகாததற்குக் காரணம் எளிமையானது. ட்ரை கிளீனிங் என்பது தண்ணீர் இல்லாத சலவையே தவிர, ஈரமில்லாத சலவை அன்று. துணியைத் திரவக் கரைப்பான் ஒன்றில் அலசுகிறார்கள். நெடுங்காலமாக உலகெங்கும் பரவலாகப் பயன்பட்டு வரும் பெர்குளோரோஎத்திலீன் எண்ணெயையும் கொழுப்பையும் நன்றாகக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. வியர்வையின் பெரும்பகுதி நீரும் உப்பும்தான். நீரில் கரைவதை நீரால்தான் முழுமையாக எடுக்க முடியும். அந்தக் கரைப்பானை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற 2ஏ வகையில் வைத்திருக்கிறது என்பதையும், அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2024 டிசம்பரில் ட்ரை கிளீனிங்கில் அதன் பயன்பாட்டைப் படிப்படியாக நிறுத்த விதி செய்தது என்பதையும் அறிந்த பின்னர், கரைப்பானின் வாசனையோடு வரும் உடுப்பைப் படுக்கை அறை அலுமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் நான் எடுத்த எடுப்பில் கோட்டைத் தண்ணீரில் போடவில்லை, ஏனென்றால் முன்னொரு காலத்தில் கடையில் வாங்கிய கோட்டொன்றை அப்படிப் போட்டு இழந்திருக்கிறேன். காய்ந்தபோது அதன் மார்புப் பகுதி முழுவதும் சிறு சிறு கொப்புளங்களாக எழும்பி நின்றது. ஏன் அப்படி ஆனது என்பதை, இந்தக் கருநீலக் கோட்டைத் தைத்துத் தந்த முதிய தையற்காரரே விளக்கினார்.

"தம்பி, கீழ்ப் பொத்தான் துளைக்குப் பக்கத்தில வெளித்துணியை ஒரு கையாலயும் லைனிங்கை மற்றக் கையாலயும் பிடிச்சு மெதுவா இழுத்துப் பாருங்கோ" என்றார். இழுத்தேன். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது துணியொன்று தனியாக நழுவுவது விரல்களுக்குத் தெரிந்தது. "அதுதான் கான்வஸ், கோட்டுக்கு வடிவம் குடுக்கிற உள்துணி. நான் நூலால தைச்சது, பசையால ஒட்டினது இல்லை."

பசையால் ஒட்டிய கோட்டில் அந்த மூன்றாவது துணி விரலுக்குப் பிடிபடாது, வெளித்துணி அட்டைபோலத் தடித்திருக்கும். நனையும்போது பசை விடுபட்டு, இரண்டு துணிகளும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால்தான் கொப்புளம் எழுகிறது. அத்தகைய கோட்டை வீட்டில் தோய்க்க வேண்டாம் என்றே சொல்வேன். காற்சட்டையில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லாததால், பழகுகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். எதுவானாலும், ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் உள்தையலில் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கம்பளி இழையின் மேற்பரப்பு செதில் செதிலாக இருக்கும். சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேரும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, துணி தடித்துச் சுருங்கிவிடுகிறது. தோய்க்கும் முறை முழுவதும் இந்த ஒன்றைத் தவிர்ப்பதற்காகத்தான். எங்கள் வீட்டு மொட்டைமாடித் தாங்கியில் நண்பகலில் வரும் நீர் கையைச் சுடும் என்பதால், விடியற்காலையிலேயே பெரிய பேசினை நிரப்பிவிடுகிறேன். 30 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது. சாதாரணச் சலவைத்தூள் காரத்தன்மை உடையது, பலவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதியும் உண்டு. கம்பளியும் புரதமே ஆகையால் அதைத் தொடுவதில்லை. கம்பளிக்கென்றே விற்கும் திரவச் சவர்க்காரம் கிடைக்காதபோது குழந்தைகளுக்கான சம்பூ ஒரு மேசைக்கரண்டி போதும்.

பைகளை வெறுமையாக்கி, தூசியைத் தூரிகையால் தட்டி, கொலர் மடிப்பையும் பின்புறப் பிளவையும் பெரிய நூலோட்டத்தால் பிடித்துக்கொண்டு, கோட்டைத் தண்ணீரில் இறக்கினேன். தேய்க்கவில்லை, கசக்கவில்லை, இரு உள்ளங்கைகளாலும் அமுக்கி அமுக்கி விட்டேன். மூன்றாவது அமுக்கிலேயே நீர் தேயிலைச் சாயம்போல் மாறியது. சாயம்தான் போகிறதோ என்று பதறி வெள்ளைத் துணியை நனைத்துப் பார்த்தேன். அதில் நீலமே இல்லை, மங்கிய மஞ்சள் அழுக்கு மட்டுமே. இரண்டு முறை ட்ரை கிளீனிங்குக்குப் போய் வந்த கோட்டு அது. பத்து நிமிடத்துக்குள் எடுத்து, நான்கு நீர் மாற்றி அலசி, கடைசி நீரில் மட்டும் ஒரு கரண்டி வினாகிரி சேர்த்தேன்.

ஈரக் கம்பளி பாரமானது, பலமும் குறைந்தது. தோளைப் பிடித்துத் தூக்கினால் அதன் பாரமே அதை நீட்டிவிடும். கைக்குழந்தையை ஏந்துவதுபோல் அடியில் கைகொடுத்துத் தூக்கி, தடித்த துவாயில் பரப்பிச் சுருட்டி அழுத்தினேன். முறுக்கவே கூடாது. பிறகு விறாந்தையில் பாய் விரித்து, தோள் பஞ்சின் வடிவைக் கையால் ஒழுங்குபடுத்திப் பரப்பி வைத்தேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிழலிலேயே ஒன்றரை நாளில் காய்ந்துவிடுகிறது. மாரி காலத்தில் இதைச் செய்யவே கூடாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இங்கே ஒரு சேர்ட்டே ஒழுங்காகக் காயாது, தோள் பஞ்சுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அழுத்தும்போது இஸ்திரிப் பெட்டியை நேரே துணியில் வைப்பதில்லை. ஈரமாக்கிய பருத்தித் துணியை மேலே போட்டு, இழுக்காமல் வைத்து வைத்து எடுக்கிறேன். மார்புப் பகுதிக்கு உள்ளே சுருட்டிய துவாயைக் கொடுத்தால் அதன் வளைவு கெடாது. இழைகள் நசுங்குவதால் வருவதே முன்பு முழங்கையில் கண்ட அந்த மினுக்கம்.

எல்லாம் முடிந்தபின் அளவு நாடாவால் அளந்தேன். முதுகு நீளம் மாறவில்லை. கைகள் மட்டும் கால் அங்குலம் குறைந்திருந்தன. தையற்காரரிடம் கொண்டு போனபோது கொலரை முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். கையின் உள்மடிப்பைப் பிரித்து, அங்கே அவர் முன்பே விட்டு வைத்திருந்த ஒன்றரை அங்குலத் துணியிலிருந்து கால் அங்குலத்தை இறக்கித் தைத்துக் கொடுத்தார்.