ஃபோர்க் ஆயில் கசிவு: சீல் வாங்கும் முன் பைப்பைப் பாருங்கள்

கம்பத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று ஏறி இறங்கும் பைக்குகளுக்கு முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்கள்) கசிவு சளி இருமல் மாதிரி. பட்டறையில் விட்டால் "சீல் போச்சு" என்று சொல்லி, ஆயிலை உள்ளே நிறுத்தும் அந்த ரப்பர் வளையத்தை ஜோடியாக மாற்றிக் கொடுப்பார்கள். அடுத்த மழைக்குள் திரும்பவும் ஃபோர்க்கின் பளபளக்கும் பைப்பில் ஆயில் வடியும். சீல் போனது உண்மைதான். அதைக் கெடுத்தது எது என்று பார்க்காமல் புது சீல் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

பெரும்பாலும் கெடுப்பது இரண்டு. ஒன்று, சீல் உதட்டுக்கடியில் போய் உட்காரும் நைஸ் மண். மலை இறங்கும்போது முன் பிரேக்கிலேயே வண்டி நிற்பதால் ஃபோர்க் நன்றாக அமுங்கியபடியே ஓடும். வழக்கமாக வெளியே தெரியும் பைப் பகுதி, அதில் ஒட்டிய செம்மண்ணோடு சீலுக்குள் போய் வரும். இரண்டாவது, பைப்பில் குரோம் பூச்சு விட்டுப்போய் விழும் துருப்புள்ளி. ஏலத்தோட்டத்தில் பனியிலும் மழையிலும் நிற்கிற வண்டி, துரிசும் உரமும் சுமக்கிற வண்டி என்றால் இது சீக்கிரமே வரும். புள்ளியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ரப்பரைச் சீவிக்கொண்டே இருக்கும்.

முதலில் கசிவது சீல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பைப்பையும் பாட்டத்தையும் (பைப் உள்ளே இறங்கும் கீழ்க் குழாய்) துணியால் சுத்தமாகத் துடைத்து, ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பைப்பில் மெல்லிசாக ஈரப்பசை தெரிந்தால் அது கசிவில்லை. சீலுக்கு அந்த அளவு எண்ணெய் வேண்டும். தூசி ஒட்டிய கறுப்பு வளையமோ, டஸ்ட் சீலிலிருந்து (ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் ரப்பர் மூடி) கீழே ஓடிய கோடோ தெரிந்தால்தான் கசிவு. பைப் காய்ந்திருக்க, பாட்டத்தின் அடியில் ஆக்ஸில் பக்கம் மட்டும் சொட்டினால் சீலைத் தொடவே வேண்டாம். அடி ஆலன் போல்ட்டின் காப்பர் வாஷர்தான் காரணம்.

சீல் கசிவு என்று தெரிந்தாலும் முதல் வேலைக்குக் காசு வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு மூலையில் தூண்டில் முள் மாதிரி சின்னக் கொக்கி விட்டு நறுக்குங்கள். ஓரங்களை வாட்டர் பேப்பரில் தேய்த்துப் பிசிர் எடுங்கள். டஸ்ட் சீலைத் தட்டைத் திருப்புளியால் மெதுவாக நெம்பி மேலே தள்ளிவிட்டு, உள்ளே சேர்ந்த மண்ணைத் துடைத்தெடுங்கள். ஃபிலிமில் ஃபோர்க் ஆயில் தடவி, பைப்புக்கும் சீலுக்கும் நடுவே நுழைத்து, பைப்பை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து, கொக்கியால் இழுத்து வெளியே எடுங்கள். கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வரும். ஃபிலிம் சுத்தமாக வரும் வரை திரும்பச் செய்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைப் பத்துத் தடவை அமுக்கித் துடைத்துவிடுங்கள். மண்ணால் வந்த கசிவு இதிலேயே நின்றுபோகும். இரும்புத் தகடு, பிளேடு, ஊசி எதையும் உள்ளே விட வேண்டாம். உதடு கிழிந்தால் அத்தோடு கதை முடிந்தது.

நிற்கவில்லை என்றால் பைப்பைச் சோதியுங்கள். பைப்பில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைத் தானாக நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டி, டஸ்ட் சீல் வரை இறக்கிவிட்டு, மலைப்பாதையில் ஒரு தடவை போய் வாருங்கள். டை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவரைதான் சீல் ஓடுகிறது. அதற்கு மேலே இருக்கிற துருவால் கசிவு வராது. அதற்குக் கீழே நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற இடம்தான் குற்றவாளி.

ஒன்றிரண்டு சின்னப் புள்ளி என்றால் வீட்டிலேயே சரி செய்யலாம். ஊசி முனையால் துருவைச் சுரண்டி, தின்னர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஒரு சொட்டு சூப்பர் குளூ அல்லது அரால்டைட் வைத்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். பிறகு 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டு, நகம் தட்டாத வரை தேய்க்கணும். பைப்பைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும், மேலும் கீழும் அல்ல. நெடுக்காக விழுகிற கீறல் ஒவ்வொன்றும் ஆயில் வெளியேற வாய்க்கால். அரிசி கொட்டினாற்போல் புள்ளிகள் இருந்தால் இந்த வைத்தியம் செல்லாது. பைப் மாற்றத்தான் வேண்டும். சீல் விலை நூறுகளில், பைப் விலை ஆயிரங்களில் என்பதால்தான் எல்லாரும் சீலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே பைப்புக்கு மூன்று தடவை சீல் வாங்கிய பிறகு அந்தக் கணக்கும் இடிக்கும்.

சீல் வாங்கும்போது வண்டியின் மாடலோடு வருஷத்தையும், டிரம்மா டிஸ்க்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்குள்ளேயே பைப் தடிமன் மாறும். பழைய சீலின் மேல் 31x43x10.3 போல மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், உயரம். மூன்றும் பொருந்தணும். உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம் இருக்கிறதா, ரப்பர் வளைந்து கொடுக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். கூடவே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஃபோர்க் ஆயில்.

கழற்றும் வேலையில் வரிசை முக்கியம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். டிஸ்க் வண்டியில் காலிபரை (பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் பாகம்) கயிற்றில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஒரு மரச்சில்லு வைத்துவிட்டால், யாராவது தெரியாமல் பிரேக்கைப் பிடித்தாலும் பிஸ்டன் வெளியே வராது. சக்கரம், மட்கார்டு கழன்றதும் அடி ஆலன் போல்ட்டை இப்போதே கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் அழுத்தம் இருக்கிற வரைதான் உள்ளே இருக்கும் டேம்பர் ராடு சுற்றாமல் நிற்கும். மேல் மூடியைக் கழற்றிய பிறகு போல்ட்டைத் திருகினால் ராடும் சேர்ந்து சுற்றும். வீட்டில் இந்த வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்படி மாட்டிக்கொண்டால் விளக்குமாற்றுக் கட்டையின் முனையைக் கூராகச் சீவி, பைப் வழியாக ராடின் தலைக்குள் அடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் இம்பாக்ட் கன் இருக்கிற டயர் கடைக்குக் கொண்டுபோனால் சட்டென்று கழன்றுவிடும்.

மேல் மூடியைக் கழற்றும்போது முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். மூடிக்கடியில் ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது. மடித்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தியபடியே கடைசி மரையை விடுங்கள். சில வண்டிகளில் மூடிக்கு மரை கிடையாது. அமுக்கிப் பிடித்தால் ஒரு கம்பி லாக் தெரியும், அதை எடுக்கணும். ஸ்பிரிங்கில் நெருக்கமான சுற்றுகள் எந்தப் பக்கம் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிலைக் கொட்டி, அடி போல்ட்டை எடுத்தால் பைப் தனியாக வரும். பாட்டத்துக்குள் சீலுக்கு மேலே இருக்கும் கம்பி லாக்கை முதலில் எடுத்துவிட்டுத்தான் சீலை நெம்ப வேண்டும். சீல் இருக்கும் இடத்தின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் அலுமினியம் கொஞ்சம் விரிந்து பிடி தளரும். டயர் லிவருக்கும் பாட்டத்தின் விளிம்புக்கும் நடுவே மரச்சில்லு கொடுத்து நெம்புங்கள். பாட்டத்தின் உட்சுவரில் கீறல் விழுந்தால், புது சீலின் வெளிப்பக்கம் வழியாக ஆயில் வரும். பைப்பில் தப்பு தேடியே நாள் போகும். உள் புஷ் (பைப் உரசி ஓடும் வளையம்) உள்ள பெரிய ஃபோர்க்குகளில் நெம்ப வேண்டியதில்லை. லாக்கை எடுத்துவிட்டு பைப்பைச் சுத்தியல் மாதிரி மேல்நோக்கி நாலு தடவை வெட்டி இழுத்தால் புஷ்ஷே சீலைத் தள்ளிக்கொண்டு வரும்.

இரும்பு பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவிக் காயவையுங்கள். புது சீலைப் பெட்ரோலில் நனைக்கவே கூடாது, ரப்பர் உப்பும். பைப்பை ஜன்னல் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரியும். வளைந்த பைப்பில் எந்த சீலும் தங்காது. பட்டறையில் பிரஸ்ஸில் நிமிர்த்தித் தருவார்கள், ஆனால் குரோமில் வெடிப்பு விட வாய்ப்பு உண்டு. மலையில் ஓடும் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடி காப்பர் வாஷர் புதிதாகக் கிடைக்காவிட்டால் பழையதை கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு இளகிவிடும், திரும்ப நன்றாக அமுங்கி உட்காரும். டேம்பர் ராடோடு பைப்பைப் பாட்டத்துக்குள் இறக்கி அடி போல்ட்டைப் பூட்டிய பிறகு சீல். பைப்பின் மேல் நுனியில் ஆவின் பால் கவரை மாட்டி, அதன் மேல் ஆயில் தடவி, சீலைக் கவர் மேலாக இறக்குங்கள். நுனி விளிம்பு உதட்டை வெட்டாது. எண்கள் எழுதிய பக்கம் மேலே, ஸ்பிரிங் தெரிகிற குழிப்பக்கம் கீழே ஆயிலைப் பார்த்து. அடிப்பதற்கு 40 எம்எம் பிவிசி பைப்பில் ஒரு அடித் துண்டு, நேராக அறுத்தது, 30, 31 எம்எம் ஃபோர்க்குக்கு வசதியாகப் பொருந்தும். பழைய சீலைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி, புதியதன் மேல் வைத்து அதன் மேல் பிவிசியை இறக்கித் தட்டினால் அடி சமமாக விழும். வெட்டாமல் வைத்தால் பழையதும் உள்ளே போய் இறுகிவிடும். சீல் அடியில் உட்கார்ந்ததும் தட்டுகிற சத்தம் மாறும். லாக் உட்காரும் காடி சுற்றிலும் முழுசாகத் தெரியும். ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மறைந்தால் இன்னும் தட்டணும்.

ஆயில் அளவை வண்டியின் புத்தகத்தில் பாருங்கள். 100, 125 சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரு காலுக்கு 150 முதல் 200 மில்லிக்குள் வரும். அளக்க ஊசி போடாத பெரிய சிரிஞ்சு போதும். இரண்டு காலிலும் ஒரே அளவு இருப்பது முக்கியம். ஸ்பிரிங் போடும் முன் பைப்பை மெதுவாகப் பத்துத் தடவை மேலும் கீழும் ஓட்டிக் காற்றை விட்டு, முழுசாக அமுக்கி வைத்து, ஒரு ஸ்கேலை இறக்கி இரண்டிலும் ஆயில் மட்டம் பாருங்கள். கூடுதலாக ஊற்றினால் மேலே காற்றுக்கு இடம் குறைந்து, பள்ளத்தில் விழும்போது அழுத்தம் சீலைத்தான் தள்ளும். கசிவை நிறுத்தக் கெட்டியான இன்ஜின் ஆயில் ஊற்றுகிற பழக்கமும் வீண். கசிவு நிற்காது, ஃபோர்க்தான் மரக்கட்டையாகும்.

பூட்டும்போது ஆக்ஸில் நட்டை முறுக்கிய பிறகு, பிஞ்ச் போல்ட் (ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்) இருந்தால் அதை முறுக்கும் முன், வண்டியைக் கீழே இறக்கி ஃபோர்க்கை நாலு தடவை அமுக்குங்கள். இரண்டு காலும் இணையாக நின்ற பிறகு பிஞ்ச் போல்ட். கசிவு டிஸ்க் பக்கத்துக் காலில் இருந்தால் டிஸ்க்கை பிரேக் கிளீனரில் துடைக்க வேண்டும். பேடில் ஆயில் ஊறியிருந்தால் பேடை மாற்றியே தீர வேண்டும். உப்புத்தாளில் தேய்த்தாலும் நெருப்பில் காட்டினாலும் ஊறிய ஆயில் சூட்டில் திரும்ப வெளியே வரும், அதுவும் குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரும் இறக்கத்தில். தலைகீழ் ஃபோர்க் (பைப் கீழேயும் பருத்த குழாய் மேலேயும் இருப்பது) உள்ள வண்டிகளுக்கு இந்தக் கழற்றிப் பூட்டும் முறை பொருந்தாது. அதில் சீலே கீழேதான் இருக்கும், கசிந்தால் நேராக பிரேக்குக்கே ஆயில் வரும். அதற்குரிய கருவி இருக்கும் இடத்தில் கொடுங்கள்.

பைப்பை மூடும் மடிப்பு உறையான ரப்பர் பெல்லோஸ் மாட்டினால் மண் வராது என்பது பாதி உண்மை. ஜூனில் மழை பிடித்துவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பைப்பிலேயே நின்று துருப்பிடிக்க வைக்கும். மாட்டியிருந்தால் மாதம் ஒரு முறை கிளிப்பைத் தளர்த்தி மேலே தூக்கி, பைப்பைத் துடைத்து, இரண்டு சொட்டு ஃபோர்க் ஆயில் தடவி விடுங்கள். மாட்டாதவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்த அன்றே பைப்பைத் துடைத்தால் போதும். காய்ந்த மண்ணை விட ஈர மண் துணியில் சுலபமாக வரும்.