மண் போட்டு மூடிய குளம்

ஜார்ஜியாவிலிருந்து அலபாமாவுக்குள் நுழைந்ததும் கைபேசியில் மணி ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. இரண்டு மாநிலங்களுக்கும் நேரக் கணக்கு வேறு. "ஒரு மணி நேரம் ஃப்ரீ, அத்தை" என்றான் கவின். தம்பி மகன், 15 வயது, அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்தவன். மாண்ட்கோமரி போய்ச் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் பார்க்க நினைத்த மியூசியம் திங்கட்கிழமை திறக்காது. தம்பி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அட்லாண்டாவில் விடிகாலை நாலரைக்கு எழுப்பி எல்லோரையும் விரட்டியவன் அவன்தான். மணியைப் பார்த்தானே தவிர, கிழமையைப் பார்க்கவில்லை.

வந்தது வந்தோம், நடந்தாவது பார்ப்போம் என்று இறங்கினோம். நல்லவேளை, இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் பாதி ஒரே தெருவில் இருக்கிறது. டெக்ஸ்டர் அவென்யூ. கீழ்க்கோடியில் ஒரு பழைய நீரூற்று, மேல்கோடியில் வெள்ளைக் குவிமாடம் வைத்த மாநிலச் சட்டமன்றம். கால் மணி நேர நடை.

நீரூற்று இருக்கும் கோர்ட் ஸ்கொயரில்தான் உள்நாட்டுப் போருக்கு முன்பு அடிமைகளை ஏலம் விட்டார்கள். 1955 டிசம்பர் 1 மாலை, கடையில் தையல் வேலை முடித்து வந்த ரோசா பார்க்ஸ், வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதான அந்த பஸ்ஸில் ஏறியதும் இங்கேதான். தெரு மேடேறி முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் சிவப்புச் செங்கல் தேவாலயம். மார்ட்டின் லூதர் கிங் 1954-ல், 25 வயதில், போதகராக வந்து சேர்ந்த இடம். அங்கிருந்து நிமிர்ந்தால் சட்டமன்றப் படிகள். படியேறிப் போனால் வாசலில் ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்து போன தென் மாநிலங்களின் அதிபராக ஜெஃபர்சன் டேவிஸ் 1861-ல் நின்று பதவியேற்ற இடமாம். 1963-ல் கவர்னராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாலஸும் அந்த இடத்தை நினைவுபடுத்திவிட்டு, இன்றும் நாளையும் என்றென்றைக்கும் இனப் பிரிவினைதான் என்று முழங்கினார். இரண்டே வருடத்தில், செல்மாவிலிருந்து 54 மைல் நடந்து வந்த வாக்குரிமை ஊர்வலம் 25,000 பேராகப் பெருகி இதே படிகளுக்குக் கீழே நின்றது.

இந்த மாநிலம் யாரையும் மனம் நோக விடாது போலிருக்கிறது. ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை இங்கே கிங்குக்கும் பிறந்தநாள் விடுமுறை, அடிமை முறைப் படையை நடத்திய ஜெனரல் ராபர்ட் லீக்கும் விடுமுறை. ஒரே நாள், இரண்டு பேர்.

திரும்பக் கீழே வந்தோம். கோர்ட் ஸ்கொயரில் பார்க்ஸுக்கு 2019-ல் சிலை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நான்கு பெண்களுக்கு நான்கு கற்கள். கவின் அதில் ஒரு பெயரிடம் நின்றுவிட்டான். கிளாடெட் கால்வின். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2-ல், பஸ்ஸில் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிக் கைதானவர். வயது 15. "ஸ்கூல்ல இவங்களப் பத்திச் சொல்லவே இல்லையே" என்றான். பஸ் பிரிவினையைச் சட்டப்படி உடைத்தது பார்க்ஸ் மீதான வழக்கு அல்ல. கால்வினும் மற்ற மூன்று பெண்களும் மேயர் கேல் மீது போட்ட வழக்கில்தான் 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த மேயரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பஸ்ஸின் கணக்கை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கவினுக்கு வரைந்து காட்டினேன். மொத்தம் 36 இருக்கை. முன்னால் பத்து வெள்ளையருக்கு; காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. பின்னால் பத்து கறுப்பினத்தவருக்கு. நடுவில் 16, டிரைவர் வைத்ததுதான் சட்டம். பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது நடு வரிசையில். நின்றுகொண்டிருந்த வெள்ளையர் ஒரே ஒருவர். ஆனால் அவர் இருக்கும் வரிசையில் கறுப்பினத்தவர் இருக்கக் கூடாது என்பதால், ஒருவர் உட்கார நான்கு பேர் எழுந்திருக்க வேண்டும். மூன்று பேர் எழுந்தார்கள்.

பார்க்ஸ் கைதான அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியின் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அடித்துத் தள்ளினார். டிசம்பர் 5-ல் பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. முதலில் அவர்கள் கேட்டது பிரிவினையை ஒழிக்கச் சொல்லிக்கூட இல்லை. மரியாதையாகப் பேசுங்கள், முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும், நாங்கள் பின்னாலிருந்தே உட்கார்ந்து வருகிறோம், எங்கள் பகுதிக்கு எங்கள் ஆட்களை டிரைவராகப் போடுங்கள். அவ்வளவுதான். அதற்கே நகராட்சி முடியாது என்றது. 381 நாள் கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட யாரும் பஸ் ஏறவில்லை. சுமார் 300 கார்கள் முறை வைத்து ஆட்களை ஏற்றி இறக்கின. தேவாலயங்களின் பெயரில் வேன் மாதிரி பெரிய கார்கள் வாங்கினார்கள். உள்ளூரில் இன்சூரன்ஸை ரத்து செய்ய வைத்தபோது, லண்டன் லாயிட்ஸ் வரை போய் இன்சூரன்ஸ் எடுத்தார்கள்.

சரி, இத்தனைக்கும் பெட்ரோல் யார் போட்டது?

அதற்குப் பதில் மதியச் சாப்பாட்டில் கிடைத்தது என்று சொல்லலாம். போன கடையில் ஒரு கறி, மூன்று காய் என்று கணக்கு. பொரித்த கோழியுடன் நான் எடுத்தது பொரித்த வெண்டைக்காய், காராமணி, கீரை. தட்டைப் பார்த்தால் மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் சித்தி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெண்டையும் காராமணியும் அடிமைக் கப்பல் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. கீரையை மட்டும் இறைச்சி போட்டுக் குழைய வேகவைத்திருந்தார்கள். தம்பி சைவம், பாவம், மக்காச்சோள ரொட்டியை வைத்தே சமாளித்தான்.

ஜார்ஜியா கில்மோர் இப்படி ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தவர். மாநிலத்தின் பெயர்தான் அவர் பெயரும். புறக்கணிப்புக்கு இரண்டு மாதம் முன்பே பஸ்ஸை விட்டுவிட்டார். டிரைவர் காசை வாங்கிக்கொண்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறு என்று சொல்லி, இவர் சுற்றி வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை, புறக்கணிப்பை நடத்தியதற்காக 1956-ல் கிங் மீது நடந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார். வேலை போனது. கிங் உதவி செய்ய, வீட்டிலேயே அடுப்பு வைத்தார்.

அதற்கும் முன்பிருந்தே சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக், பை, சாப்பாடு செய்து விற்று, வந்த காசைப் புறக்கணிப்புக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். பல பெண்கள் வெள்ளையர் வீட்டில் வேலை பார்த்தவர்கள்; பெயர் தெரிந்தால் பிழைப்பு போகும். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு, அவர்களுக்கும் அதே பயம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை. 'கிளப் ஃப்ரம் நோவேர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் வழக்கில் ஊர் பேர் இல்லாத சங்கம். யார் கொடுத்தது, எவ்வளவு என்பது கில்மோருக்கு மட்டும் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு ஓக் பார்க் போனோம். மரமும் புல்லுமாக, குழந்தைகள் ஊஞ்சலாடும் சாதாரணப் பூங்கா. இதைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று தம்பி முகத்தில் எழுதியிருந்தது. எனக்கோ இதற்காகவே மறுபடி வரலாம் என்று தோன்றியது.

இது வெள்ளையருக்கு மட்டுமான பூங்காவாக இருந்தது. கில்மோரின் மகன் இதற்குள் குறுக்கு வழியாக நடந்து போனதற்காக அடி வாங்கினான். 1958 டிசம்பரில் பூங்காக்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி வழக்கு போட்டவர்களில் முதல் பெயர் கில்மோருடையது. நகராட்சி என்ன செய்தது தெரியுமா? 1959 ஜனவரி 1 முதல் நகரின் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டது. வெள்ளைக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். மிருகக்காட்சிசாலை விலங்குகளை விற்றார்கள். நீச்சல் குளத்தில் மண்ணைக் கொட்டி நிரவிவிட்டார்கள். 1965-ல் பூங்காக்கள் திறந்தன, குளம் திரும்பவில்லை. 1958-லேயே நகராட்சி ஒய்.எம்.சி.ஏ-வுடன் ரகசியமாக ஒப்பந்தம் போட்டு, நீச்சல் வசதியைத் தனியார் கையில் தள்ளி, பிரிவினையை அங்கே தொடர்ந்திருக்கிறது. 1969-ல் இரண்டு கறுப்பினச் சிறுவர்களைக் கோடை முகாமில் சேர்க்க மறுத்து, அது வழக்கானபோதுதான் குட்டு உடைந்தது.

குளம் என்றதும் எனக்கு எங்கள் பக்கத்துப் படித்துறைகள் ஞாபகம் வந்தன. யார் எந்தத் துறையில் இறங்கலாம், யார் இறங்கவே கூடாது என்று பாட்டி சொல்லிய கதைகள். ஆனால் தனக்கும் வேண்டாம் என்று தூர்த்துவிட்டதாக ஒரு கதையும் நான் கேட்டதில்லை.

1959 பிப்ரவரியில், பூங்காக்கள் மூடி ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை, கிங் இந்தியாவுக்கு வந்தார். அப்போதும் அவர் டெக்ஸ்டர் தேவாலயத்தின் போதகர்தான். திருவனந்தபுரம் பக்கம் வந்தவர் மனைவி கொரெட்டாவுடன் கன்னியாகுமரிக்கும் வந்து, கடலோரப் பாறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் சூரியன் இறங்குவதையும் மறு பக்கம் நிலா ஏறுவதையும் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும் பிரசங்கத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். நாகர்கோவில்காரிக்கு சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டத்தில் இடிபட்டுப் பார்த்த அதே காட்சி. எந்தப் பாறையாக இருக்கும் என்று பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நானும் தம்பியும் சண்டை போட்டோம்.

கிளம்பும்போதுதான் அந்தக் கோளரங்கத்தைக் கவனித்தோம். 1968-ல் இதே ஓக் பார்க்கில் கட்டி, மேயர் கேலின் பெயரை வைத்திருக்கிறார்கள். கல்லில் பெயர் வந்த நான்கு பெண்கள் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டமும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலப்புத் திருமணம் செய்வதைத் தடுக்கும் வாசகம் செல்லாது என்று ஆகிப் பல வருடங்கள் கழித்தும் அலபாமா அரசியலமைப்பில் கிடந்தது. 2000-ல் எடுத்துவிடலாமா என்று மக்களைக் கேட்டபோது பத்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். கவின் இதை நம்பாமல் கைபேசியில் தேடிப் பார்த்தான்.

கடைசியாக டெரிகோட் தெரு. கில்மோரின் வீட்டுக்கு முன்னால் ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. கிங்கும் மற்றவர்களும் வந்து சாப்பிட்டது, ரகசியமாகப் பேசியது எல்லாம் இங்கேதான். சின்ன வீடு, அமைதியான தெரு. இறங்கிப் படம் எடுக்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நம் பக்கம் துக்க வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு வரும். ஜார்ஜியா கில்மோர் 1990 மார்ச்சில் காலமானார். செல்மா ஊர்வலத்தின் 25-ஆம் ஆண்டுக்கு வருகிறவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்த நாளில் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வீட்டார் அந்தச் சாப்பாட்டையே பரிமாறியிருக்கிறார்கள்.