முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை

எட்டாம் மாதத்தில் ஓர் இரவு, இடப்பக்கமாகப் படுத்திருந்தவள் வலப்பக்கம் புரளுவதற்காக ஒரு காலை மட்டும் தூக்கினேன். அடிவயிற்றுக்குக் கீழே, இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து வந்த வலியில் மூச்சே நின்றுவிட்டது. பாதி புரண்ட நிலையில், முன்னும் போக முடியாமல் பின்னும் திரும்ப முடியாமல், படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன். இந்த வலி குழந்தையை எவ்விதத்திலும் பாதிப்பதில்லை என்பதை அன்றிரவே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் கேட்டவர்கள் எல்லோரும் அன்போடுதான் பதில் சொன்னார்கள். நிறைமாதம் நெருங்கினால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். நானும் அதை நம்பி மூன்று வாரங்கள் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரங்களும் வீணாகப் போனவை என்று இன்று உறுதியாகச் சொல்வேன். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளையத்தில் இந்த வலி வருகிறது. பரவலாக வருகிறது என்பதாலேயே அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று ஆகிவிடாது; சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு எளிதாக வலி கட்டுக்குள் வருகிறது.

பரிசோதனைக்குச் சென்றபோது ஒருவழியாக இதைச் சொன்னேன். மருத்துவர் உடனே பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் விளக்கிய பிறகுதான் என் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்தது. இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. முன்புறம் ஒன்று, முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பின் இருபுறமும் ஒவ்வொன்று என அதில் மூன்று மூட்டுகள் உள்ளன. முன்புற மூட்டின் இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். கர்ப்ப காலத்தில் அது 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. ரிலாக்சின் முதலிய ஹார்மோன்கள் தசைநார்களைத் தளர்த்துவதால்தான் வலி வருகிறது என்று பலரும் சொல்கிறார்கள், ஆனால் அது பாதி உண்மைதான். தளர்வு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. வலியோ சிலருக்கு மட்டுமே. மூன்று மூட்டுகளும் ஒரே சீராக அசையாமல், ஒன்றின் சுமை இன்னொன்றின் மேல் விழும்போதுதான் வலி கிளம்புகிறது என்றார் அவர்.

அதனால்தான் ஒற்றைக்காலில் எடை விழும் வேலைகள் எல்லாம் என்னைப் படுத்தியிருக்கின்றன: மாடிப்படி ஏறுவது, நின்றுகொண்டே உள்ளாடை அணிவது, காரிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்து இறங்குவது. அன்றிலிருந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் உடை மாற்றினேன். காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டேன். இருக்கையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதன் மேல் உட்கார்ந்தால் உடல் வழுக்கிக்கொண்டு திரும்பும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த சின்ன உபாயம். படியேறும்போது வலி குறைந்த காலை முதலில் வைத்து, மற்றொன்றை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இரவு வரை செய்ய வேண்டிய வேலைகளை முன்பே யோசித்து வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறி இறங்குவதை ஒரு நாளைக்கு இரண்டு முறையாகக் குறைத்துக்கொண்டேன்.

இரவுதான் பெரும்பாடு. முழங்கால்களுக்கு நடுவே மட்டும் தலையணை வைத்தால் போதாது. கணுக்கால் வரை நீளும் தலையணையாக இருந்தால்தான் மேற்கால் கீழே தொங்கி மூட்டை இழுக்காமல் இருக்கும். புரளுவதற்கு முன் இரண்டு முழங்கால்களையும் மடக்கி, தலையணையை அவற்றுக்கிடையே இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு மெதுவாக மூச்சை வெளியே விட்டபடி, சிறுநீரை அடக்குவதைப் போல இடுப்பின் அடித்தளத் தசையைச் சற்றே இறுக்கி, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி உருள வேண்டும். எழுந்திருக்கவும் அதே முறைதான்: பக்கவாட்டில் படுத்து, இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கைகளை ஊன்றி எழ வேண்டும். முதல் இரண்டு நாட்கள் என் கணவர் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிப் பிடித்தார். மூன்றாம் இரவு தனியாகவே புரண்டேன். வலி முழுவதுமாகப் போய்விடவில்லை, ஆனால் அந்தக் 'கடக்' சத்தம் வரவில்லை. இருட்டில் படுத்தபடியே அழுதுவிட்டேன்.

இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் நடக்கும்போது எனக்கு நன்றாகவே உதவியது. உட்கார்ந்திருக்கும்போது உறுத்தியதால் கழற்றிவிடுவேன். வலிக்கு மருத்துவர் பாராசிட்டமால் மட்டுமே பரிந்துரைத்தார். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. 20 வாரங்களுக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தையும், இன்னும் பிந்திய மாதங்களில் அதன் இதயத்தருகே உள்ள ஒரு முக்கிய இரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா வலியையும் இந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். விட்டுவிட்டுச் சீரான இடைவெளியில் வயிறு இறுகினாலோ, இரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சலோ சிறுநீர்க் கடுப்போ இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, தொடைகளுக்கிடையே மரத்துப்போய்ச் சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலோ விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்த வலி இருந்தால் சிசேரியன்தான் என்று சிலர் என்னைப் பயமுறுத்தினார்கள். பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு அவசியம் வருவதில்லை. 36ஆம் வாரத்தில் நாற்காலியின் நுனியில் என்னை உட்கார வைத்து, வலி தொடங்காத அளவுக்குக் கால்களை விரிக்கச் சொல்லி, முழங்கால்களுக்கு இடைப்பட்ட தூரத்தை பிசியோதெரபிஸ்ட் டேப்பால் அளந்தார். 31 சென்டிமீட்டர் வந்தது. அந்த அளவைப் பரிசோதனை அட்டையின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுத்தார். முதுகில் எபிடியூரல் மருந்து செலுத்தினால் வலி தெரியாமல் போவதால், அளவுக்கு மீறிக் கால்களை விரித்துவிடும் அபாயம் உண்டு. அப்போதும் இந்த எண் காப்பாற்றும் என்றார். பிரசவ அறையில் நான் பேசும் நிலையில் இல்லை. என் கணவர்தான் அட்டையை நீட்டி, கால்களை இதற்கு மேல் விரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செவிலியர் அதை ஒருமுறை படித்துவிட்டு, என்னைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, மேற்காலைத் தன் கையிலேயே தாங்கிக்கொண்டார். மகள் அப்படித்தான் பிறந்தாள்.

பிறந்த மறுநாளே வலி மாயமாகிவிடவில்லை. தலையணை இன்னும் ஆறு வாரங்கள் முழங்கால்களுக்கு நடுவேதான் இருந்தது; பாலூட்ட எழும்போதெல்லாம் முதலில் அதைக் கையால் தேடுவேன்.