செம்மஞ்சள் சேட்டு

அண்டைக்குக் கனடாவில செம்மஞ்சள் சேட்டு நாள், விடுதிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோன பூர்வகுடிப் பிள்ளையளை நினைக்கிற நாள். காலமை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட மகள் செம்மஞ்சள் சேட்டோட கண்ணாடிக்கு முன்னால நிண்டு, "அம்மா, அந்தப் பிள்ளைக்கு சேட்டைத் திருப்பிக் குடுத்தவையோ?" எண்டு கேட்டாள்.

இல்லையம்மா, குடுக்கேல்லை.

1973ல ஃபிலிஸ் வெப்ஸ்டாட் எண்ட ஆறு வயசுப் பூர்வகுடிப் பிள்ளைக்கு அம்மம்மா வாங்கிக் குடுத்த புதுச் செம்மஞ்சள் சேட்டை, வில்லியம்ஸ் லேக் ஊருக்குக் கிட்ட இருந்த மிஷன் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே கழட்டி எடுத்துப்போட்டினம், பிறகு அவ அதைப் போடவே இல்லை.

இப்பிடி விடுதிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோன பூர்வகுடிப் பிள்ளையள் 1,50,000க்கு மேல. காசு குடுத்தது கனடா அரசாங்கம், நடத்தினது கத்தோலிக்க, அங்கிலிக்கன் போன்ற கிறிஸ்தவ சபையள். தலைமயிரை வெட்டி, பேருக்குப் பதிலா நம்பர் குடுத்து, தாய்மொழியில வாய் திறந்தா அடி. 1920ல சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினவை, பிள்ளையை அனுப்பாத தாய் தேப்பனுக்கும் தண்டனை. பதிவில இருக்கிற சாவு மட்டும் 4,000க்கு மேல, கன பிள்ளையளின்ர உடல் கூட வீட்ட போகேல்லை.

கடைசிப் பள்ளிக்கூடம் மூடினது 90களில, நான் இங்க வந்திறங்கின காலம்!

2022ல பாப்பரசர் வந்து மன்னிப்புக் கேட்டவர். எனக்கு அது காணாது.

"போயிட்டு வாறன் அம்மா" எண்டு போனாள். தமிழிலதான் சொன்னாள். கதவைப் பூட்டாமல் கனநேரம் அங்கயே நிண்டன்.