மூன்றாவது சேனல்

ஜூன் 3

நாளை படப்பிடிப்பு ஆரம்பம், ஒலிப்பதிவு என் பொறுப்பு. ஏழு நாள், ஒரே வீடு, அப்பா, அம்மா, மகளாக மூன்று நடிகர்கள். டப்பிங் கிடையாது, எல்லாம் லைவ் சவுண்டுதான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். காலர் மைக் மூன்று, அவற்றின் குரலை ரேடியோ அலையாக அனுப்ப நடிகர் இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர், அதை வாங்கும் ரிசீவர், பூமுக்கு, அதாவது நடிகர் பக்கம் நீட்டிப் பிடிக்கிற நீளக் கம்புக்கு, இரண்டு மைக். நீளமான ஷாட்கன் மைக் வெளிப்புறக் காட்சிக்கு மட்டும். அதன் குழாயின் பக்கவாட்டுக் கீறல்களில் நுழைகிற ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால்தான் பக்கத்துச் சத்தம் குறைகிறது. சின்ன அறையில் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிற குரலும் அதே கீறல்களில்தான் நுழையும், அப்புறம் பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். அறைக்குள் குட்டை ஹைப்பர்கார்டியாய்டு போதும், அது குழாய் இல்லாமலே முன்னால் வருகிற ஒலியை அதிகம் பிடிக்கிற மைக். பார்ப்பவர் யாரும் அசரமாட்டார்கள், பரவாயில்லை.

அலைவரிசை: அப்பாவுக்கு 520.0, அம்மாவுக்கு 520.8, மகளுக்கு 521.6 மெகாஹெர்ட்ஸ். மூன்றும் அனுமதி உள்ள இடம், சம இடைவெளி, ஞாபகம் வைக்கவும் சுலபம். டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக ஆன் செய்து இடுப்பில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். மூன்றும் சுத்தம்.

ஜூன் 4

காலை முழுக்க மகளின் நைலான் ஜாக்கெட்டோடு மல்லுக்கட்டு. கை அசைந்தால் சரசர, மூச்சு விட்டால் சரசர. காலர் மைக்கின் தலை அரிசி மணியை விடக் கொஞ்சம்தான் பெரிது, துணி அதன் மேல் ஒரு இழை உரசினாலும் ஹெட்போனில் காட்டில் யாரோ நடக்கிற மாதிரி கேட்கும். டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருகிற மாதிரி முக்கோணமாக மடித்து இரண்டு துண்டு செய்து, நடுவில் மைக்கை வைத்து, ஒரு பக்கம் உள்சட்டையிலும் மறுபக்கம் ஜாக்கெட்டிலும் ஒட்டினேன். இரண்டு துணியும் சேர்ந்து அசைந்தால் உரசல் இல்லை. மைக்குக்குக் கீழே வயரில் சின்னதாக ஒரு வளையம் போட்டு அதையும் ஒட்டினேன், கீழே வயர் இழுபட்டால் அந்த அதிர்வு வளையத்தோடு நின்றுவிடும். 1962-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் செஸ்லரும் வெஸ்ட்டும் எலெக்ட்ரெட் மைக்கை, அதாவது மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தேக்கிய மெல்லிய படலம் வைத்த மைக்கை, கண்டுபிடித்தார்கள். அதனால்தான் மைக் இவ்வளவு சின்னதாகி, நான் இப்படி மண்டியிட்டு டேப் மடித்துக்கொண்டிருக்கிறேன். நன்றி ஐயா.

மாலைக் காட்சி. அப்பாவும் அம்மாவும் சோபாவில், மகள் ஹாலின் அந்தக் கோடி வாசலில். அவள் "நான் வரமாட்டேன்" என்று சொல்லும்போது மூன்றாவது சேனலில், அதாவது அவளுடைய மைக்கில், 'கர்ர்ர்' என்று ஒரு வினாடி. அடுத்த டேக்கிலும் அதேதான். மைக் வயர் என்று நினைத்து மைக்கையே மாற்றினேன். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

ஜூன் 5

மறுபடியும் வந்தது. அதுவும் சேனல் 3-இல் மட்டும்.

இன்று மாற்றியவை: டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, ரிசீவரின் இரண்டு ஆன்டெனா. ரிசீவரை வண்டியோடு சமையலறைக்கு நகர்த்தினேன். எல்லாருடைய போனையும் அணைக்கச் சொல்லி கெட்ட பெயரும் வாங்கிக்கொண்டேன். மகள் தனியாக நடிக்கிற காட்சியில் கண்ணாடி மாதிரி சுத்தம், குடும்பமாக உட்கார்ந்தால் கரகரப்பு. "டப்பிங்கில் பார்த்துக்கலாமா?" என்று இயக்குநர் மெதுவாகத்தான் கேட்டார், எனக்குத்தான் சுருக்கென்றது.

ஜூன் 6

கண்டுபிடித்தது நான் இல்லை, பூம் பிடிக்கிற தம்பி. உணவு இடைவேளையில் அப்பாவிடமும் அம்மாவிடமும் கழற்றிய டிரான்ஸ்மிட்டர்களை அணைக்காமல் ஒரே கையில் பிடித்துக்கொண்டு வந்தான். ஹெட்போனில் சேனல் 3 அலறியது.

"தம்பி, அங்கேயே நில்லு."

"என்னக்கா, நான் எதையும் தொடலையே?"

"இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு. கையை நல்லா விரி."

விரித்தான், சத்தம் நின்றது. சேர்த்தான், அலறியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு டிரான்ஸ்மிட்டர் ஒட்டி நின்றால் ஒன்றின் சிக்னல் மற்றதன் ஆன்டெனா வழியாக உள்ளே புகுந்து கலக்கும், கலந்ததில் நாம் வைக்காத புது அலைவரிசைகள் பிறக்கும். அதில் தொல்லை பிடித்தது 'ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழி' என்ற வகை. 520.8-இன் இரு மடங்கு 1041.6, அதில் 520.0 போனால் 521.6. மகளின் சேனல், தசமம் பிசகாமல். நான் அழகுக்காக வைத்த சம இடைவெளிதான் வினை. அப்பா, அம்மா சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள், மகள் தூரத்து வாசலில் நின்றதால் அவள் சிக்னல் ஏற்கெனவே பலவீனம், இந்த விருந்தாளி சுலபமாக ஏறி உட்கார்ந்துவிட்டது. ரிசீவரில் இரண்டு ஆன்டெனா இருப்பது சிக்னல் ஒன்றில் விழுந்தால் மற்றதில் பிடிக்கத்தான், இரண்டிலும் அதே குப்பை வந்தால் அது என்ன செய்யும்?

படப்பிடிப்புக்கு முந்தின நாள் ஒவ்வொன்றாக ஆன் செய்து சோதித்தேன் அல்லவா, அது சோதனையே இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் படித்த பாடம், இத்தனை வருஷம் கழித்து இப்படி.

ஜூன் 7

புது எண்கள்: 520.0, 520.8, 522.1. இரண்டிரண்டாகவும் மூன்றையும் சேர்த்தும் வரக்கூடிய கலவைகளைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், மிக அருகில் விழுவதுகூட 0.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான். டிரான்ஸ்மிட்டர் பவரையும் 50 மில்லிவாட்டிலிருந்து 10-க்கு இறக்கினேன், ஒரே வீட்டுக்குள் 50 எதற்கு? பவர் 1 டெசிபல் குறைந்தால் இந்தக் கலவை 3 டெசிபல் குறையும், லாபமான பேரம்.

பிறகு மூன்றையும் ஆன் செய்து மேஜையில் ஒரு கை தூரம் விட்டு வைத்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் அணைத்து, அதன் ரிசீவரில் சிக்னல் கோடு எழுகிறதா என்று பார்த்தேன். அணைத்த சேனலில் கோடு எழுந்தால் அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றிலும் ஒன்றும் எழவில்லை. காட்சி முழுக்கச் சுத்தம்.

ஜூன் 9

கட்டிப்பிடிக்கிற காட்சி. மூன்று டிரான்ஸ்மிட்டரும் ஒரே குவியலாக, பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் ஒரு சொடுக்குக்கூட இல்லை. ஆனால் மகளின் மைக் அப்பாவின் தோளில் அமுங்கி, அவள் அழுகை போர்வைக்குள்ளிருந்து வந்தது. அப்பாவின் மைக்கில் அவர் இதயம் துடிப்பது கேட்டது, அதை யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அவர் கத்துகிற இடத்தில் டிரான்ஸ்மிட்டரிலேயே ஓவர்லோட் சிவப்பு விளக்கு எரிந்தது. "ரெக்கார்டர் 32 பிட் ஃப்ளோட்தானே, அப்புறம் சரிசெய்யலாமே" என்றார் கேமரா உதவியாளர். எவ்வளவு உரத்த சத்தமும் உடையாமல் பதிகிற முறை அது. ரெக்கார்டருக்கு வந்து சேரும் முன்பே உடைந்த குரலை எத்தனை பிட் வந்தாலும் ஒட்டவைக்க முடியாது. அடுத்த டேக்குக்கு முன் டிரான்ஸ்மிட்டரில் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, 6 டெசிபல் இறக்கினேன்.

இந்தக் காட்சிக்கு பூம்தான், காலர் மைக்குகளைக் கலக்கவே இல்லை. ஒலி ஒரு மில்லி வினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். காலர் மைக்கை விட பூம் வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் அதிக தூரத்தில் இருந்தால், அதே குரல் கிட்டத்தட்ட 2 மில்லி வினாடி பிந்தி வரும். இரண்டையும் சம அளவில் கலந்தால் குரல் ஓட்டைக் குழாயில் பேசுகிற மாதிரி மெலிந்துவிடும். தம்பி கை நடுங்காமல் நாலு நிமிஷம் பூம் பிடித்தான்.

ஜூன் 10

கடைசி நாள். எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கவைத்து ரூம் டோன் எடுத்தேன், பேச்சில்லாத அறையின் வெறும் ஒலி, எடிட்டிங்கில் இடைவெளி நிரப்ப. ஒருவர் தும்மினார், மறுபடி எடுத்தோம். காலர் மைக்குகளை வியர்வை போகத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டேன்.

முதல் நாள் 'கர்ர்ர்' விழுந்த அந்த வரிக்கு எடிட்டர் கேட்டார். அன்றைய பூம் டிராக்கைத் தேடினேன். தம்பி அந்த நேரத்தில் பூமை வாசல் பக்கம் திருப்பியிருக்கிறான், யாரும் சொல்லாமலே. "நான் வரமாட்டேன்" முழுசாக இருக்கிறது, கொஞ்சம் தூரமாக.