மணி கேட்கும் தூரம்

எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றால் அந்தப் பள்ளியின் மணி கேட்கும். ஆனால் ரேஷன் கார்டைக் கேட்டால் நாங்கள் ஆறு கிலோமீட்டர் தள்ளி, மூன்று வருடம் முன்பு காலி செய்த வீட்டில் குடியிருந்தோம். 2023-இல் என் மகளைக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எல்.கே.ஜி. சேர்க்க அலைந்த கதை முழுக்க இந்த ஆறு கிலோமீட்டர்தான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்குத் தர வேண்டும், எட்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அரசே அந்தப் பள்ளிக்குக் கொடுத்துவிடும் என்று கூட வேலை செய்யும் அண்ணன் சொன்னார். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வயதுக் கணக்கும் உண்டு. அந்த வருடம் 2020 ஜூலை 31-க்குள் பிறந்த குழந்தைகளுக்குத்தான். என் மகள் ஜூலை 28. நான்கு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த வருடம்தான்.

முதலில் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தேன். கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டு, "மாசம் எவ்வளவுங்க வரும்?" என்றார். எனக்கே தெரியாத கேள்வி அது. ஷிப்டுக்கு 550. மாதம் 26 நாள் என்றால் வருடத்துக்கு 1,71,600. இந்தச் சேர்க்கைக்கான இரண்டு லட்சம் வரம்புக்குள் வரும். தினமும் ஒன்றரை ஷிப்ட் என்று போட்டால் 2,57,400, தாண்டிவிடும். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட் ஓடும். ஆர்டர் இல்லாவிட்டால் வாரம் மூன்று நாள்தான். அந்த வருடம் பெரும்பாலும் மூன்று நாள். அதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஒன்பது நாளில் சான்று வந்தது. மகளுக்குச் சாதிச் சான்று வாங்கி வைத்திருந்தால், வருமானம் பார்க்காத 'வாய்ப்பு மறுக்கப்பட்ட' பிரிவிலேயே போட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது முகவரி. வீட்டுக்கார அம்மாவிடம் வாடகை ஒப்பந்தம் கேட்டேன். "அக்ரிமென்டெல்லாம் நம்ம லைன்ல யாருக்கும் போடறதில்லைங்க. வேணும்னா வேற வீடு பாத்துக்கங்க." வரி ஏறிவிடும் என்ற பயம் அவருக்கு. பத்து குடும்பத்தின் வாடகை வாங்குகிறார், ஆனால் காகிதத்தில் அங்கே யாருமே குடியில்லை. அவரைச் சொல்லி என்ன பயன், எங்கள் பக்கம் எந்த லைன் வீட்டிலும் இதே கதைதான்.

வழி காட்டியவர் சிலிண்டர் போடும் தம்பி. "கேஸ் புக்குல அட்ரஸ் மாத்துங்கண்ணா, அப்புறம் எல்லாம் தானா மாறும்" என்றார். ஏஜென்சியில் நானே கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். அந்த பில்லை வைத்து, 50 ரூபாய் கட்டி ஆதாரில் முகவரி மாற்றினேன். ஆதாரை வைத்து ரேஷன் கார்டு. இந்த வரிசையை மட்டும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான்கு நாள் சம்பளம் மிச்சமாகியிருக்கும். விடுப்பு எடுத்தால் எங்களுக்குக் கூலி இல்லை. ஆபீஸ்கள் திறந்திருக்கும் நேரமும் எங்கள் ஷிப்ட் நேரமும் ஒன்று.

விண்ணப்பத்தில் ஐந்து பள்ளிகள் வரை தேர்வு செய்யலாம். எங்கள் சுற்றளவில் மூன்றுதான். அதில் ஒன்று சிறுபான்மைப் பள்ளி, அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மிச்சம் இரண்டு.

மே மாதம் குலுக்கல். 15 இடம், எண்பதுக்கு மேல் பெயர்கள். ஒரு குழந்தையை விட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். பதினைந்தாவது பெயர் வாசித்ததும் என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். காத்திருப்போர் பட்டியலில் மகள் பெயர் இரண்டாவதாக வந்தது. ஜூனில் இரண்டு பேர் சேராமல் விட்டதால் அவளுக்கு இடம் கிடைத்தது.

இலவசம் என்ற சொல்லைப் பள்ளி வேறு மாதிரிப் புரிந்து வைத்திருந்தது. புத்தகம், சீருடை, "ஆக்டிவிட்டி" என்று முதல் வாரமே 9,500 ரூபாய்க்குச் சீட்டு வந்தது. இதற்கு ரசீது கொடுங்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகு ஆக்டிவிட்டி காணாமல் போனது. மீதியை மூன்று தவணையில் கட்டினேன்.

என் தம்பி மகனுக்கு இந்த வழியும் வாய்க்கவில்லை. 2025-இல் மத்திய அரசு நிதி தராத இழுபறியில் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. கடைசியில், ஏற்கெனவே அந்தந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தார்கள். வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். ஜூனில் கட்டப் பணமில்லாத தம்பி, பையனை அங்கன்வாடிக்குத்தான் அனுப்பியிருந்தான்.

போன வாரம் மூன்றாவது வீட்டுப் பெண் வந்து அந்தக் கேஸ் ஏஜென்சிக் கடிதத்தின் நகல் கேட்டார். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். முகவரியை மட்டும் நன்றாகப் பார்த்து எழுதுங்கள், எங்கள் லைனில் எந்த வீட்டுக்கும் கதவு எண் கிடையாது என்று சொல்லி அனுப்பினேன்.